பின்கதவில் ஒட்டியிருந்த ஏல நோட்டீஸ்

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். மூக்குக்கு மேல் கோபம் வரும். என்னிடம் படித்தவர்களைக் கேளுங்கள். புதுக் கணக்குப் பாடத்திட்டம் வந்த வருஷம் அது. அன்று அடைவுப் பண்பு நடத்தினேன். இரண்டு முழு எண்களைக் கூட்டினால் வருவதும் முழு எண்தான், எத்தனை தடவை கூட்டினாலும் அந்தக் கூட்டத்தை விட்டு வெளியே போக முடியாது என்று தொண்டை வறளக் கத்திவிட்டு வீடு திரும்பினேன். எங்கள் வீதியில் பள்ளம் தோண்டியிருந்ததால் பின் வீதி வழியாக வந்தேன். எங்கள் வீட்டுப் பின்கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வரி பாக்கிக்காக மறுநாள் பதினோரு மணிக்கு வீடு ஏலம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் வீடுகள் ஒரு வீதியில் தொடங்கி அடுத்த வீதியில் முடியும். பின்கதவைத் திறந்தே பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் அப்பச்சியும்தான். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வரி கட்டுவது அவர் பொறுப்பு. வயதானவரைக் கலங்கடிக்க வேண்டாம் என்று அவரிடம் மூச்சு விடவில்லை.

காலையில் அவர் பிள்ளையார்பட்டிக்கு பஸ் ஏறியதும், ரசீதுக் கட்டோடு பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடினேன். பில் கலெக்டர் புரட்டிப் பார்த்தார்.

“இதெல்லாம் முன் வீதி நம்பரு சார். பின் வீதி நம்பருக்கு ஒண்ணுமே கட்டலையே நீக.”

“ரெண்டும் ஒரே வீடுய்யா.”

“பதிவேட்டுல ரெண்டு வீடுன்னுல்ல இருக்கு.”

எவனோ வீதி வீதியாகக் கதவை எண்ணி எழுதியிருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதரைக் கையோடு இழுத்து வந்து முன்கதவில் நுழைய விட்டேன். முகப்பு, முற்றம் வைத்த வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. ஒவ்வொரு நிலைவாசலையும் தாண்டியதும் நிறுத்திக் கேட்டேன்.

“இப்ப எங்க நிக்கிறீக?”

“உங்க வீட்லதான் சார்.”

“வெளிய போனீகளா?”

“இல்ல சார்.”

கடைசியில் துருப்பிடித்த தாழ்ப்பாளை அவரே நெம்பித் திறந்து வீதியில் இறங்கித் திரும்பினார். எதிரே அவர் பசை தடவி ஒட்டிய நோட்டீஸ்.

“அட, இது நம்ம ஒட்டுனதுதானே” என்று அவரே கிழித்தார். பதினோரு மணிக்குள் ஏலம் ரத்து; பதிவேட்டில் பின் வீதி எண்ணைச் சிவப்பு மையால் அடித்தார்கள். அப்பாடா என்று இருந்தது. ஆபீஸ் வாசலில் நின்று ஒரு சோடாவை ஒரே மடக்கில் குடித்தேன்.

மத்தியானம் அப்பச்சி வந்ததும் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“ரெண்டு நம்பரா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, “அந்த நோட்டீசை நான் ஒரு மாசத்துக்கு முந்தியே பாத்தேன்ப்பா. கட்டாமயே கட்டுனதா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன், புத்தி போயிருச்சுன்னு இருந்தேன். ரசீதைத் தேடிப் பாக்கவும் பயம். ஒங்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்ல?” என்றார்.

ரசீதுக் கட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எந்த வருஷத்து வரியை எந்த மாதம் கட்டினார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் ஒவ்வொரு ரசீதாகப் புரட்டிச் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.