சார்ட்டில் இல்லாத இலைக்கோழி

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். விலங்குகள் ஜோடி சேரும் முறைகள் என்றொரு பாடம் உண்டு. ஆரம்பித்தாலே பின் பெஞ்சில் கிசுகிசுப்பு கிளம்பிவிடும். பெண் மயில் ஆணின் தோகையை எப்படி எடைபோடுகிறது, கலைமான்கள் எதற்காகக் கொம்பு கோத்து மோதுகின்றன என்பதையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் இலைக்கோழிக்கு வருவேன். அங்கே மட்டும் எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். நெய்வேலியும் அப்பாவும் ஞாபகம் வந்துவிடுவார்கள்.

எங்கள் குவார்ட்டர்ஸ் அம்மாவின் பெயரில் இருந்தது. தாத்தாவின் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்தபோது குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்றார்கள். அது அம்மாவுக்கு வந்தது. பெர்மனென்ட். தெற்கேயிருந்து பிழைக்க வந்த அப்பா கான்ட்ராக்ட். நான் பிறந்ததும் இருவரில் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்றானது. பெர்மனென்ட் வேலையை யாராவது விடுவார்களா? அப்பா நின்றுவிட்டார். சமையல், துணி, என் ரெட்டைப் பின்னல் எல்லாம் அவர் பொறுப்பு. பிளாக்கில் யாராவது, "சார் இப்ப எந்த ஷிஃப்ட்டு?" என்று குத்தலாகக் கேட்டால், "மூணு ஷிஃப்ட்டும் நான்தான்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. பள்ளியில் "உங்கப்பா எந்த மைன்ஸ்?" என்றுதான் பழக்கமே ஆரம்பிக்கும். நான் வாய் கூசாமல் "செகண்ட் மைன்ஸ்" என்பேன்.

பிளஸ் டூவில் அறிவியல் கண்காட்சி வந்தது. ஆணும் பெண்ணும் துணையை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்பதை எடுத்துக்கொண்டேன். மயிலைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், டவுன்ஷிப் ரோட்டில் அது ஆட்டைப் போலத் திரியும். புதிதாக ஏதாவது வேண்டும் என்று அப்பா சைக்கிளில் என்னை ஊருக்கு வெளியே ஒரு குளத்துக்குக் கூட்டிப்போனார். சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் வந்து தேங்கும் குளம், முழுக்கத் தாமரை இலை. அதன்மேல் நீள விரல்களை ஊன்றி இலைக்கோழிகள் நடந்துகொண்டிருந்தன. ஒரு மாதத்துக்கு மேல் தினமும் சாயங்காலம் போனோம். அந்தச் சாயங்காலங்களை யாராவது திருப்பிக் கொடுத்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஜோடியில் பெரியது நான்கு முட்டையிட்டுவிட்டுக் குளத்தின் மறுகரைக்குப் போய் வேறொன்றோடு சேர்ந்துகொண்டது. சின்னது அடைகாத்தது. மழையில் தண்ணீர் ஏறியபோது முட்டைகளை வேறு இலைக்குத் தள்ளிக்கொண்டு போனது. குஞ்சு பொரித்த பிறகு காக்கை வந்தால் எல்லாவற்றையும் இறக்கைக்குள் வாரிக்கொள்ளும். குட்டிக் கால்கள் மட்டும் வெளியே தொங்கும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான். நூலகத்தில் புரட்டியபோதுதான் பெரியது பெண், அடைகாத்தது ஆண் என்று தெரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். சைக்கிளை நிறுத்திவிட்டுக் குளத்தை எட்டிப் பார்த்தவர், "அப்ப அவனுக்கும் மூணு ஷிஃப்ட்டா!" என்றார். அன்று வீடு வரும்வரை சிரித்தோம். அதன்பிறகு அது "நம்ம கோழி" ஆகிவிட்டது. வடலூர் போய்ச் சார்ட் வாங்கிவந்து, "குஞ்சுகளை வளர்க்கும் தந்தை" என்று அப்பாவே தலைப்பு எழுதினார். மணி மணியான எழுத்து.

கண்காட்சியன்று காலை மற்ற சார்ட்டுகளை மாட்டினேன். அதை மட்டும் சுருட்டி பெஞ்சுக்கு அடியில் போட்டேன். எங்கள் பிளாக் பெண்கள் அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பதாக மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மதியம் அப்பா சாப்பாட்டோடு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் சார்ட்டுகளை இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து நடுவராக வந்த அம்மையார், "எல்லாப் பறவையிலயும் ஆண் அழகு காட்டும், பெண்தான் குஞ்சு வளர்க்குமா?" என்று கேட்டார்.

"ஆமாம் மேடம்" என்றேன்.

அப்பா டிபன் பாக்ஸை பெஞ்சில் வைத்தார். "மோர்மிளகா வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அப்பா அந்தச் சார்ட்டைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவர் கவனிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு அது வசதியாக இருந்தது.

ஏழு வருடம் கழித்து, அதே குவார்ட்டர்ஸுக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா காபி போட்டார், நான் தட்டை எடுத்துப் போனேன்.

"காப்பி ரொம்ப நல்லாகீதுங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா வழக்கம்போலச் சிரித்து வாங்கிக்கொண்டார். வெளியாட்கள் வந்தால் எங்கள் வீட்டில் அப்படித்தான்.

மாப்பிள்ளையின் அப்பா, "பொண்ணோட அப்பா எங்க வேலைங்க?" என்றார்.

"மின்ன கான்ட்ராக்ட்ல இருந்துகினு இருந்தாரு..." என்று அம்மா இழுத்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்காட்சியில் டிபன் பாக்ஸை வைத்த அதே முகம்.

"காபி அப்பா போட்டது" என்றேன். "அம்மா வேலைக்குப் போனாங்க. என்னை வளர்த்தது அப்பாதான்."

மாப்பிள்ளையின் அப்பா தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சம்பந்தம் போனது என்றே நினைத்தேன். அப்போது மாப்பிள்ளை காலி டம்ளரை அப்பாவிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா மாமா?" என்றார். பெண் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலி டம்ளர்தான் நினைவுக்கு வரும்.

அவர்கள் போனபின் அப்பா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

அப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நம்ம கோழிய அன்னைக்கே மாட்டியிருந்தா ஃபர்ஸ்ட் பிரைஸ் கெடச்சிருக்கும்லா."