ஷமீமா அக்கா தேர்ந்தெடுத்த லென்ஸ்

செய்தி வந்தபோது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பாதுகாப்பு வார விழாவைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் ஹெல்மெட் போட்ட இருபது பேர் வரிசையாக நின்று உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். சட்டைப்பையில் போன் மூன்று தரம் அதிர்ந்தது. உறுதிமொழி முடிந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். சாதிக் பாய் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "பாஸ்கர், ஷமீமா காலையில மௌத்தாயிட்டா. அசர் தொழுகைக்கு அப்புறம் பழவேற்காட்டுல அடக்கம். முடிஞ்சா வாங்க."

பர்சனல் ஆபீசர் வந்து, மேனேஜரை நடுவில் வைத்து இன்னொரு குரூப் போட்டோ வேண்டும் என்றார். எடுத்துக்கொடுத்தேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. ஆறு மாதமாக எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் பைக்கை ஸ்டார்ட் செய்ய முடியாமல் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஷமீமா அக்கா பொன்னேரியில் வாழ்ந்தவர். பிறந்தது பழவேற்காட்டில், வியாபாரக் குடும்பம். கணவர் சாதிக் பாய் பொன்னேரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படமெடுப்பதுதான் அக்காவின் தொழில். எங்கள் பக்கத்து ஆண்களிடம் அவர் பெயரைச் சொன்னால் யோசிப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு உடனே தெரியும்.

பதினோரு வருடங்களுக்கு முன்பு கவரைப்பேட்டையில் ஒரு கல்யாணம் எனக்கு வந்தது. பெண்கள் பக்கத்துக்குப் பெண் போட்டோகிராபர்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நாலு இடம் விசாரித்ததில், ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த அக்காவைப் பற்றிச் சொன்னார்கள். மின்சார ரயிலில் வந்து இறங்கினார். தோளில் பெரிய கேமரா பை. வணக்கம் சொல்லும் முன்பே நிபந்தனை சொன்னார். பெண்கள் பக்கத்துப் படம் இருக்கும் கார்டு அவர் கையை விட்டுப் போகாது. படங்களைத் தேர்ந்தெடுப்பதும் ஆல்பம் செய்வதும் அவரேதான். பெண் வீட்டார் பார்த்துச் சம்மதிக்காமல் ஒரு படம்கூட வெளியே வராது.

எனக்குக் கோபம் வந்தது. ஆல்பம் என் ஸ்டூடியோ பெயரில் போகிறது, நான் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன்.

"நீங்க பாக்க முடியாதுன்னுதானே என்னைக் கூப்புட்டீங்க?" என்றார்.

நிபந்தனைக்குச் சம்மதித்தேன். அன்றிலிருந்து ஒன்றாக வேலை செய்தோம். ஒன்றாக என்று சொல்கிறேனே தவிர, கல்யாணத்தில் அவர் வேலை செய்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மண்டபத்தின் நடுவில் திரை கட்டியிருப்பார்கள். நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். சாப்பாட்டு நேரத்தில் போனில் பேசிக்கொள்வோம். கல்யாண சீசனில் நாலு நாள் தொடர்ந்து வேலை இருக்கும். நாலாம் நாள் அவர் குரலிலேயே கால்வலி கேட்கும். "இன்னா பாஸ்கர், உயிரோட கீறீங்களா?" என்பார். இருக்கேன்க்கா என்பேன். "அப்ப சரி, நானும் கீறேன்" என்று வைத்துவிடுவார்.

பல வருடங்கள் அப்படித்தான் போயின. அப்புறம் அவர் மார்பில் கட்டி வந்தது. சென்னையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்ததால் வலது கை வீங்க ஆரம்பித்தது. அந்தக் கையால் இனி கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் பழைய கேமராவும் ஜூம் லென்ஸும் சேர்ந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். ஒரு கல்யாணத்தில் ஆறு மணி நேரம் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டும்.

நான் பார்க்கப் போனபோது, இனி ஆல்பம் வேலையை மட்டும் பாருங்கள், வேறு ஒரு பெண்ணைத் தேடிக்கொள்ளலாம் என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவர், கனம் கம்மியான கேமரா எது என்று கேட்டார்.

உள்ளே கண்ணாடி இல்லாததால் கனம் குறைந்த மிரர்லெஸ் கேமராக்களில் சின்னதாகப் பார்த்து வாங்கினோம். அது சுலபமாக முடிந்தது. லென்ஸில்தான் ஒன்றரை மாதம் போனது. ஜூம் லென்ஸ் கனம் என்பதால் அது வேண்டாம். பிரைம் லென்ஸ் ஒன்று மட்டும் போதும், அதையே நிரந்தரமாக மாட்டிவைத்துக்கொள்ளலாம் என்று முடிவு. பிரைம் என்றால் திருகிக் கிட்டே இழுக்கும் வசதி கிடையாது. கிட்டே வேண்டுமானால் நாம்தான் நடக்க வேண்டும். சாதாரணமாக இதற்கு எல்லோரும் வாங்குவது இரண்டு. ஒன்று முப்பத்தைந்து மில்லிமீட்டர், இன்னொன்று ஐம்பது. முப்பத்தைந்தில் இடம் நிறைய அடங்கும். ஆனால் முகம் பெரிதாக வர வேண்டுமானால் ஆள் பக்கத்திலேயே போய் நிற்க வேண்டும். ஐம்பதில் தள்ளி நின்றே முகம் எடுக்கலாம். மூக்கு பெரிதாகத் தெரியாது, பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துவிடும்.

நான் ஐம்பது என்றேன். என் கேமராவில் எப்போதும் இருப்பது அதுதான். அக்காவும் முதலில் அதையே சொன்னார். பிறகு, பெண்களை உட்கார வைக்கும் அறைகள் சின்னவை, ஐம்பது போட்டால் சுவரில் முதுகு இடிக்கும் என்றார். மறுநாள் போன் செய்து ஐம்பதே சரி என்றார். அதற்கு மறுநாள் மாற்றினார். எனக்கு அலுத்துப்போனது. நடுவில் நாற்பது என்று ஒன்று இருக்கிறது, அதை வாங்கித் தொலைக்கலாம் என்றேன். "நடுவுல வாங்கினா ரெண்டு பக்கமும் பேஜாருதான்" என்றார்.

கடைசியில் இரண்டு லென்ஸையும் வாடகைக்கு எடுத்துக்கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கே வந்தார். இரண்டே அறை உள்ள வீடு, சோதனைக்குத் தோதாக இருக்கும் என்றார். என் மனைவி செல்வி அன்று வீட்டில் இருந்தாள். அவள் தொழிற்பேட்டையில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறாள். விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். அவளுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு.

முதலில் முப்பத்தைந்தை மாட்டினார். செல்விக்கு இரண்டு கை தூரத்தில் போய் நின்று, எடுக்கட்டுமா என்று கேட்டார். செல்வி வெட்கப்பட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். முடியை ஒதுக்கிக்கொண்டு நேராகப் பார்த்தாள். படத்தைக் கேமராவில் பார்த்த எனக்குத் திருப்தியில்லை. முகம் கொஞ்சம் அகலமாக இருந்தது. பின்னால் பிரிட்ஜ், அதன் மேல் மருந்து டப்பா, காலண்டர் எல்லாம் தெரிந்தன. ஸ்டூடியோவில் உட்கார்ந்த மாதிரி விறைப்பாக இருந்தாள்.

பிறகு ஐம்பது. அக்கா வாசற்படி வரைக்கும் பின்னால் போய் நின்றார். செல்வி சமையல் மேடைக்குத் திரும்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டாள். குக்கர் விசில் வருவதற்காகக் காத்திருந்தவள், அலமாரிக் கதவில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். அக்கா ஒரு படம் எடுத்தார். மிரர்லெஸ் கேமராவில் சத்தமே இல்லாமல் எடுக்க முடியும். செல்விக்குத் தெரியவில்லை.

அந்தப் படத்தைக் கேமராவில் பார்த்தேன். இருபது வருடமாகப் படமெடுக்கிறேன், அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. அலமாரியில் சாய்ந்திருந்த அந்த முகத்தில் அத்தனை வருட ஷிப்டும் இருந்தது. அவள் அவ்வளவு களைத்திருக்கிறாள் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும், ஐம்பதை வாங்கிவிடலாம் என்றேன்.

அக்கா கேமராவை எடுத்துக்கொண்டு போய்ச் செல்வியிடம் காட்டினார். செல்வி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது வேணாம்க்கா" என்றாள். "நான் இப்டித்தான் கீறேன்னு எனக்குத் தெரியும். படமா வேற போட்டுக்கினு பாக்கணுமா?"

அக்கா அவள் கண் முன்னாலேயே அதை அழித்தார். அழிந்துவிட்டதைத் திரையில் காட்டினார். நான் பதறிப்போனேன். அன்றைக்கு எடுத்ததிலேயே நல்ல படம் அதுதானே என்று கேட்டேன்.

"நல்ல படம்தான் பாஸ்கர். அவங்க குடுக்கலையே. நான்தானே எடுத்துக்கினேன்" என்றார்.

சாப்பிடும்போது முப்பத்தைந்தையே வாங்கிவிடலாம் என்றார். கிட்டே போனால்தான் முகம் வரும் என்றால், ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். இத்தனை வருடமும் தூரத்தில் நின்று, கேட்காமலே நிறைய எடுத்துவிட்டேன் என்றும் சொன்னார். பின்னால் பின்னால் போய் நிற்க இனி காலில் தெம்பும் இல்லை என்பதைச் சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார். கேமராவில் ஷட்டர் சத்தத்தையும் வைக்கச் சொன்னார். சத்தமில்லாமல் எடுப்பதுதானே அதன் வசதி என்றேன். எடுத்தது அவர்களுக்குக் கேட்கட்டும் என்றார்.

மறுநாளிலிருந்து விடிகாலையில் செல்வி எழுவதற்கு முன்பே எழுந்து டிபன் பாக்ஸைக் கட்டிவைக்க ஆரம்பித்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அதற்கு முன்பு எனக்குத் தோன்றவே இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

முப்பத்தைந்தோடு முதல் கல்யாணம் பழவேற்காட்டில். உள்ளேயிருந்து போன் செய்து, கை வலிக்கவில்லை என்று மட்டும் சொன்னார். அந்த ஆல்பத்தைப் பெண் வீட்டார் சம்மதித்து எனக்குக் காட்டினார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அக்காவிடம் அதை மறைக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அடுத்த கல்யாணத்தில் முகங்களை நடுவில் வைத்துக்கொண்டு, கதவையும் சுவரையும் ஓரத்துக்குத் தள்ளியிருந்தார். திருவள்ளூரில் ஒரு குடும்பம் 'கேண்டிட்' படங்களே இல்லை என்று குறைப்பட்டது. அந்தக் குறையையும் வாங்கிக்கொண்டார். மற்ற வீடுகளில் யாரும் குறை சொல்லவில்லை. அந்தப் படங்களில் எல்லாப் பெண்களும் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு வருடம் அப்படி ஓடியது. வீக்கத்தால் மவுஸ் பிடிப்பது கஷ்டமாகிவிடவே, வீட்டாரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு ஆல்பம் வேலைக்குச் செல்வியை உட்கார வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பொன்னேரி வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பார்கள். நான் சாதிக் பாயோடு கடையில் உட்கார்ந்திருப்பேன்.

பிறகு நோய் எலும்புக்குப் போனது. அப்போது பேசி வைத்திருந்த கல்யாணங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொடுத்தார். ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. அது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவரின் மகள் கல்யாணம். அந்தப் பெண்ணின் அம்மா கல்யாணத்தையும், என்னைச் சந்திப்பதற்கு வெகுகாலம் முன்பு ஸ்டூடியோவில் வேலை செய்தபோது, அக்காதான் படமெடுத்திருந்தார். அன்று திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அரை மணிக்கு ஒருதரம் போன் செய்தேன். அவர் எடுக்கவே இல்லை. முடிந்து வெளியே வந்தபோது சாதிக் பாய் கைத்தாங்கலாகப் பிடித்துக் காரில் ஏற்றினார்.

அந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்த செல்வி, அன்று வீட்டில் என்னிடம் சொன்னாள். "எல்லாரும் குனிஞ்சு பாக்கறாங்க. ஒருத்தர் விடாம."

அக்காவிடமே கேட்டேன். நிற்க முடியவில்லை, ஒரு சேர் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன் என்றார். உட்கார்ந்த இடத்துக்கே பெண்கள் ஒவ்வொருவராக வந்திருக்கிறார்கள். மணப்பெண்ணும் மேடையிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள். "நான் நடக்கவே இல்ல பாஸ்கர். அவங்கதான் வந்தாங்க" என்று சொன்னார். அதுதான் அவர் எடுத்த கடைசிக் கல்யாணம். அதன் பிறகு ஆறு மாதம் வலியோடு இருந்தார். அந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அவருக்கும் பிடிக்காது.

அடக்கத்துக்கு நானும் செல்வியும் பழவேற்காடு போனோம். செல்வி உள்ளே போனாள். நான் வெளியே ஆண்களோடு நின்றேன். அவர்கள் வழக்கப்படி இறந்தவரின் முகத்தை நான் பார்க்கக்கூடாது. அவருக்கு நான் அந்நிய ஆண். உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது சாதிக் பாய் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். கொஞ்ச தூரம் தோள் கொடுத்தேன். குழியில் மூன்று பிடி மண் போட்டேன். காற்றில் ஏரியின் உப்பு வாசனை இருந்தது. திரும்பும் வழியில் செல்வி ஒன்றே ஒன்று சொன்னாள். உள்ளே இருந்த பெண்களில் பாதிப் பேரின் பெயர் அவளுக்குத் தெரியாது, முகம் தெரியும். எல்லோரும் ஆல்பத்தில் பார்த்தவர்கள்.

பத்து நாள் கழித்து மீஞ்சூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். மகளுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறார்கள், ஷமீமா லாத்தா வருவார்களா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். வேறு பெண் போட்டோகிராபரைச் சென்னையிலிருந்து வரவழைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஆண்கள் பக்கம் மட்டும் எடுத்தால் போதும், பெண்கள் பக்கம் இந்தமுறை படமில்லாமலே இருக்கட்டும் என்றார்.

போன ஞாயிறு அந்த நிக்காஹ் முடிந்தது. நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை மூன்று முறை ஒப்புதல் சொல்லி முடித்த நேரம், திரைக்கு அந்தப் பக்கமிருந்து பெரிய சிரிப்பு எழுந்தது. நாற்பது ஐம்பது பெண்கள் சேர்ந்து எதற்கோ சிரித்தார்கள். எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது. ஆண்கள் எல்லோரும் ஒரு கணம் திரையைப் பார்த்தோம். படமில்லாத அந்தச் சிரிப்பு என் வீடியோவில் பதிவாகியிருக்கிறது. இதை வெட்டிவிடட்டுமா என்று பெண்ணின் அம்மாவிடம் கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

அக்கா, உங்களுக்கு எப்படி விடை கொடுப்பது என்று சாதிக் பாயிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்த விதத்தில் துஆ செய்து வேண்டிக்கொள்ளச் சொன்னார். எனக்குத் தெரிந்த விதம் இதுதான். கை வலிக்காமல் தூங்குங்கள்.