“நான்தான்” என்று சொன்ன மார்லிஸ்

கனடாவின் கிச்சனர் நகரில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தவள் மார்லிஸ் ஷான்ட்ஸ். பனி கொட்டுகிற காலைகளில் நேரம் வாங்கியவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். நாற்காலி காலியாகக் கிடக்கும், டாக்டர் முகம் கடுகடுக்கும். அதே ஊரில் யாரோ ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாரம் எப்போது வரும் என்று காத்திருப்பார். காலியான நேரத்துக்கு வலியோடு இருப்பவரைத் தானாகவே கூப்பிடுகிற ஒரு புரோகிராம் இருந்தால் என்ன என்று அவளுக்குத்தான் தோன்றியது. வேலையை விட்டுவிட்டு அதை வைத்தே ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினாள்.

டொரன்டோக்காரர் ஒருவர் பணம் போட முன்வந்தார். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல வக்கீலுக்குக் கொடுக்க மார்லிஸிடம் ஒன்றும் இல்லை. அதனால் செவ்வாய்க்கிழமை மாலை நூலகத்து மாடி அறைக்குப் போனாள். புதுக் கம்பெனிக்காரர்களுக்காக வக்கீல்களும் கணக்காளர்களும் அங்கே காசு வாங்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

“சட்டம் இலவசம், கணக்கு இலவசம்,” என்றார் வாசலோர மேசையில் இருந்த கிழட்டுக் கணக்காளர் ஹார்வ். “காபிக்கு மட்டும் டப்பாவுல காசு போட்டுடும்மா. போடாம குடிச்சா வரித்துறைக்கு நானே போன் பண்ணிடுவேன்.”

அவளுக்கு வாய்த்த வக்கீல் இங்ரிட் பெல். ஈர பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருந்தாள். ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்து முடித்து, “ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்தப் புரோகிராமை முதல்ல எழுதினது யாரு?” என்றாள்.

“நான்தான்.”

மார்லிஸுக்கு நாக்குக் குழறவில்லை. எத்தனையோ மேடைகளில் சொன்ன பதில்தானே. வரவேற்பு மேசையில் இருந்தபடியே தானே படித்துத் தானே எழுதிய பெண் என்று உள்ளூர்ப் பத்திரிகை படத்தோடு போட்டிருந்தது.

எழுதியது கார்வின் பாமன். அப்போது அவளுடைய அக்கா ஜோவானாவின் கணவன். ஒரு குளிர்காலம் முழுக்க ஜோவானாவின் சமையலறையில் மார்லிஸ் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். அடுத்த வருடம் விவாகரத்து ஆனது. குடும்பமே அவன் முகத்தில் கதவைச் சாத்தியது. அம்மா அவன் படத்தை ஃபிரிட்ஜ் கதவிலிருந்து உரித்து எடுத்தாள். மார்லிஸும் அவன் அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினாள். மற்றவர்கள் நிறுத்தியது கோபத்தில். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, வசதியாக இருந்தது.

“அப்போ வேற யாருக்கும் இதுல உரிமை இல்லைன்னு எழுதிடலாம்,” என்றாள் இங்ரிட். “ஞாயித்துக்கிழமை முடிச்சுத் தரேன். பொண்ணுக்கு ஹாக்கி ஆட்டம் இருக்கு. பரவாயில்ல, அங்கேயே ஓரமா உட்கார்ந்து எழுதிக்கிறேன்.”

மார்லிஸ் நன்றி சொல்லிப் படியிறங்கினாள். தன்னிடமிருந்து ஒன்றும் வாங்காத ஒருத்தி, மகளின் ஆட்டத்தைக்கூடப் பார்க்காமல் தான் சொன்ன பொய்யை எழுதிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு அவளைப் பாதிப் படியில் நிறுத்தியது. திரும்பி ஏறினாள்.

“நான் பொய் சொல்லிட்டேன்.”

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இங்ரிட் பேனாவை மூடினாள். “காசில்லாம வேலை செய்வேன். பொய்யையும் காசில்லாமத் தூக்கணுமா?” பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மார்லிஸுக்குக் காது மடல் எரிந்தது. இங்ரிட் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அவருக்குச் சம்பளம் குடுத்தீங்களா?”

“இல்ல.”

“உரிமையை எழுதி வாங்கினீங்களா?”

“இல்ல.”

“அப்போ அது இன்னும் அவரோடதுதான். அவர் கையெழுத்துப் போடலேன்னா இந்தப் பணம் வராது, கம்பெனியும் நிக்காது. போய்க் கேளுங்க. ஆனா ரெண்டு பேருக்கும் நானே பேச முடியாது. இங்கேயே அவருக்கு வேற வக்கீல், வேற மேசை.”

கார்வினை, பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடுகிற கர்லிங் கிளப்பில்தான் பிடிக்க முடிந்தது. அவன் அணி அன்று ஜெயித்திருந்தது. பனித்தரையைத் தேய்த்த துடைப்பம் கையில் இருக்க, அவளைப் பார்த்ததும் குரலை உயர்த்தினான்.

“அடடே, பேப்பர்ல வந்த அம்மணி! தானே படிச்ச மேதை!”

அவனோடு ஆடியவர்கள் சிரித்தார்கள். தோற்ற அணிக்கு ஜெயித்தவர்கள் பீர் வாங்கித் தருவது அங்கே வழக்கம். எல்லோருக்கும் வாங்கியவன் அவள் முன்னாலும் ஒரு கோப்பையை வைத்தான். “குடி. தோத்தவங்களுக்கு இங்க மரியாதை உண்டு.”

“கையெழுத்து வேணும், கார்வின்.” காரணத்தையும் சொன்னாள்.

அவன் சிரிப்பு நின்றது. “நான் சண்டை போட்டது ஜோவானாவோட. உன்கூட எப்போடி போட்டேன்?”

அடுத்த செவ்வாய் நூலகத்துக்கு வரச் சொல்லிவிட்டு, கோப்பையைத் தொடாமலே அவள் கிளம்பினாள்.

செவ்வாய் மாலை அவன் நூலகத்துக்கு வந்தான். வருவான் என்று அவள் நம்பியிருக்கவில்லை. இங்ரிட்டின் மேசையில் அவள் உட்கார்ந்திருக்க, அவள் முதுகுக்குப் பின்னால் அவனுடைய வக்கீல் அதே கேள்வியைக் கேட்பது காதில் விழுந்தது.

“எழுதினது நான்,” என்றான் கார்வின். “என்ன எழுதணும்னு சொன்னது அவ. அவ சொல்லாம எனக்கு அது தோணியே இருக்காது.”

மார்லிஸ் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வக்கீல்களும் பேரம் பேசினார்கள். கம்பெனியில் அவனுக்கு ஒரு பங்கு என்று முடிவாகி, அவன் கையெழுத்துப் போட்டான்.

வாசலில் பூட்ஸ் மாட்டும்போது கேட்டான். “இனிமே கதையை மாத்திச் சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“உங்க அம்மா எதிர்லயும்?”

அவள் ஆம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவன் போய்விட்டான்.

ஞாயிறு மதியம் அம்மா வீட்டில் சாப்பாடு. பணம் உறுதியானதற்கு அம்மா ஆப்பிள் பை சுட்டிருந்தாள். எல்லோர் தட்டிலும் உருளைக்கிழங்கு விழும்வரை காத்திருந்து மார்லிஸ் சொன்னாள். “அதை முதல்ல எழுதினது கார்வின். நான் இல்ல.”

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. ஜோவானா மட்டும் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

“என் சமையலறையிலதானே எழுதினான்,” என்றாள். “உங்க ரெண்டு பேருக்கும் காபி போட்டுக் குடுத்தது யாரு? நீ எப்போ சொல்லுவேன்னுதான் பார்த்துட்டிருந்தேன்.”

பிறகு வினிகரில் ஊறவைத்த பீட்ரூட் கிண்ணத்தைத் தங்கை பக்கம் தள்ளினாள்.