காற்று நின்ற மத்தியானம்

கோழிக்கு வியர்க்காது. விலங்கியல் இரண்டாம் ஆண்டு இன்டர்னல் பரீட்சையில் இதை விளக்கி எழுதியிருக்கிறேன். சூடு தாங்க முடியாதபோது அது வாயைத் திறந்து இரைக்கும். தொண்டையில் உள்ள ஈரம் ஆவியாகிப் போகும்போது உடம்புச் சூட்டையும் கொண்டுபோகும். இறக்கைகளை உடம்போடு ஒட்டாமல் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். தீனி எடுக்காது, தண்ணீர் மட்டும் குடிக்கும். ஐந்துக்கு ஐந்து மதிப்பெண். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான் என்பதால் அப்பா அந்தப் பேப்பரை பீரோவில் வைத்திருந்தார்.

தென்காசியிலிருந்து ஆலங்குளம் போகிற ரோட்டில் இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடந்தால் எங்கள் கோழி ஷெட். குஞ்சும் தீனியும் கம்பெனி தரும். நாற்பது நாள் வளர்த்துக் கொடுக்க வேண்டியது எங்கள் பாடு. அந்த மே மாதம் உள்ளே இரண்டாயிரம் கோழிகள் நின்றன. முப்பத்தெட்டாவது நாள். இரண்டு நாளில் லாரி வர வேண்டும். அதற்கு முந்தைய தடவை சீக்கு வந்து நிறையச் செத்துப்போயிருந்தன. இந்தத் தடவையும் அப்படி ஆனால் இனிக் குஞ்சு இறக்க மாட்டோம் என்று கம்பெனி சூப்பர்வைசர் அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டார். புளியறை செக்போஸ்டில் லோடு ஏற்றி இறக்கி முதுகு போனபிறகு அப்பாவுக்கு இந்த ஷெட்டை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. அம்மா பீடி சுற்றினாள். நான் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் வறண்ட வெயில் அடித்தது. ஷெட்டின் இரண்டு நீளப் பக்கங்களிலும் சணல் சாக்குகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு நனைக்கலாம் என்று சொன்னது நான். வறண்ட காற்று ஈரச் சாக்கு வழியாக நுழைந்தால் குளிர்ந்து வரும். "காத்த அடைக்கச் சொல்லுதியேலே" என்று அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு கட்டினார். நான்கு நாளில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. பையன் படித்ததை வைத்து ஷெட்டுக்கு ஏசி போட்டுவிட்டான் என்று டீக்கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

ஐந்தாம் நாள், அதாவது அந்த முப்பத்தெட்டாவது நாள் காலையில் குற்றால மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. சாரல் சீசன் சீக்கிரமே வரப்போகிறது என்று டீக்கடையில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். வெயில் மட்டுப்பட்டால் கோழிகளுக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். ஆனால் காற்று அசையவில்லை. வெறும் புழுக்கம். வழக்கம்போலச் சாக்குகளை நனைத்தேன். பதினொன்றரைக்கு கரண்ட் போனது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி அடங்கின.

கோழி ஷெட்டில் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தலையை நீட்டி, வாயைத் திறந்து, எல்லாம் இரைத்துக்கொண்டிருந்தன. அரைமணி நேரத்தில் முதல் கோழி மல்லாந்து விழுந்து காலை உதைத்தது. சூப்பர்வைசருக்கு போன் போட்டேன். கரண்ட் வந்துவிடும், சாக்கு காயாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள் என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து நானும் அப்பாவும் ஊற்றினோம். ஊற்ற ஊற்ற விழுந்தன. பத்து, இருபது, நாற்பது. அதற்குமேல் அப்பா எண்ணாமல் கால்களைப் பிடித்துத் தூக்கி உரச்சாக்கில் போட்டார்.

பீடித்தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்த அம்மா, சாக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"நேத்தெல்லாம் இது கால்மணி நேரத்துல காஞ்சு வெறைச்சு நின்னுச்சு. இன்னைக்குக் காலைல ஊத்துனதே இன்னும் சொட்டுது. இதுல மேல மேல எதுக்குலே ஊத்துத?"

வாளியோடு நின்றுவிட்டேன். என் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியதே தவிர ஒரு சொட்டும் காயவில்லை. சாக்கில் காயாத ஈரம் கோழியின் தொண்டையில் மட்டும் எப்படிக் காயும்? இரைப்பதும் ஒரு வேலைதான். பலனில்லாமல் இரைக்க இரைக்க உடம்பு இன்னும்தான் சூடாகும். இருந்த கொஞ்சக் காற்றையும் மறித்து, இட்லிக் கொப்பரையை மூடி வைத்ததுபோல அவற்றை வைத்திருந்தேன்.

"யப்பா, சாக்க அறுங்க."

"நீதானலே கட்டச் சொன்ன."

"நான்தான். தப்பாப் போச்சு. அறுங்க."

அரிவாளை எடுத்து ஒரு பக்கம் முழுவதையும் அறுத்துத் தள்ளினார். மறுபக்கத்தை நான் பிய்த்தேன். அப்போதும் உள்ளே வர வெளியே காற்று இல்லை. கனத்த கோழிகள் நெருக்கியடித்துத் தரையில் பரத்திய உமியில் அமர்ந்திருந்தன. வயிற்றுக்கு அடியில் கையை விட்டால் கொதித்தது. நெருக்கத்தைக் குறைத்தால்தான் உண்டு. வெளியே இரண்டு வேப்பமரங்கள் நின்றன, அவற்றின் நிழலுக்குக் கொண்டுபோகலாம் என்றேன். கம்பெனிக் கோழியை ஷெட்டுக்கு வெளியே விடவே கூடாது. சீக்கு பிடிக்கும், நாய் வரும். அப்பா போனில் கேட்டார். வெளியே விட்டால் அதற்குப் பொறுப்பு நீங்கள்தான், அடுத்து குஞ்சைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொன்னது எனக்கே கேட்டது.

அப்பா போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது உம் பொஸ்தகத்துல போட்டிருக்கா?"

"இல்லப்பா. எனக்காத் தோணுது."

போனைச் சுவர்மேல் வைத்துவிட்டுக் குனிந்து கைக்கு ஒன்றாக இரண்டு கோழிகளைத் தூக்கினார்.

விரட்ட முடியாது. மிரண்டு ஓடினால் அந்தச் சூட்டிலேயே செத்துவிடும். அம்மா உள்ளே மெல்ல மெல்ல நடந்து, உட்கார்ந்திருந்தவற்றை எழுப்பிவிட்டுக்கொண்டே இருந்தாள். எழுந்து நின்றால்தான் அடியில் தேங்கிய சூடு வெளியேறும். தலை தொங்கியவற்றை நான் கிணற்றுத் தண்ணீரில் கழுத்து வரை முக்கி எடுத்தேன். காற்று வாங்க மறுத்த சூட்டைத் தண்ணீர் நேரடியாக வாங்கிக்கொண்டது. முக்கியதில் சில அப்புறம் கண்ணைத் திறந்தன, சில என் கையிலேயே போயின. ஐந்நூறு கோழிக்குமேல் வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோயிருப்போம். அப்பா நடுவில் ஒருமுறை முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், உடனே எழுந்தார். மூன்று மணிக்கு கரண்ட் வந்தது. அன்று மொத்தம் நூற்று அறுபத்து மூன்று செத்தன.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் பைக்கில் வந்தார். செத்தவற்றைப் போட்ட குழியை எட்டிப் பார்த்தார். கரண்ட் போய்விட்டது என்று அப்பா சொல்ல, அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அத்தோடு முடிந்திருக்கும். அன்றும் மலைமேல் மேகம் இருந்தது, இலை அசையவில்லை. மற்ற ஷெட்டுகளில் இன்றைக்கும் ஊற்றுவார்கள்.

"கரண்ட் மட்டும் இல்ல சார்" என்றேன். "நாங்க சாக்குல ஊத்திக்கிட்டே இருந்ததும்தான் கொன்னுச்சு."

அப்பா முகம் மாறியது. நான் முழுவதையும் சொன்னேன், கோழிகளை வெளியே கொண்டுபோனதையும் சேர்த்து. நேற்று சூப்பர்வைசர் எத்தனை ஷெட்டுக்கு ஊற்றச் சொன்னாரோ தெரியாது.

"இத நேத்தே போன்ல சொல்லியிருக்கலாம்லா தம்பி?"

"மொதல்ல பேசும்போது எனக்கே தெரியாது சார். ரெண்டாவது தடவ அப்பா பேசும்போது சொல்லத் தோணல."

பைக்கில் போய் உட்கார்ந்தார், ஆனால் கிளப்பவில்லை. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார், "அவரு கேக்கவே இல்லையேலே. நீயாப் போய் எதுக்குத் தலையக் குடுத்த?"

அதற்குள் அங்கே அவர் போனில் யாரிடமோ பேசுவது கேட்டது. "அண்ணாச்சி, இன்னைக்கு சாக்குல ஊத்தாதீய. கரண்ட் போச்சுன்னா மொதல்ல அத அவுத்துருங்க. ஆமா, நாந்தான் ஊத்தச் சொன்னேன். இப்ப நாந்தான் சொல்லுதேன்."

எங்களுக்குக் குஞ்சு வருமா என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மிச்சக் கோழிகள் லாரியில் போனபின் ஒரு மாதம் கழித்துக் குஞ்சு வண்டி வந்தது. ஆயிரம் குஞ்சுதான் இறக்கினார்கள். கோழியை வெளியே விட்டதற்காக அது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். குஞ்சுப் பருவத்தில் அவற்றுக்கு உடம்புச் சூட்டைத் தானாகப் பிடித்துவைக்கத் தெரியாது. அதனால் முதல் இரண்டு வாரம் ஒரு மூலையில் தடுப்புக்குள் பல்புக்குக் கீழே ஒண்டிக் கிடந்தன. வளர்ந்ததும் அப்பா தடுப்பை எடுத்துவிட்டு, மிச்சக் காலி இடத்திலும் உமியைப் பரத்தி, ஷெட்டின் முழு நீளத்துக்கும் அவற்றைத் திறந்துவிட்டார்.