எச்சில் தட்டில் படித்த இங்கிலாந்து

பலாபத்வலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த றஹீமை ஊரார் லண்டன் றஹீம் என்றார்கள். அவர் லண்டனுக்குப் போனதே இல்லை. வாலிபத்தில் கப்பல் வேலைக்குப் போய், இங்கிலாந்தில் ஏதோ ஒரு கடலோர ஊரில் இறங்கி, அங்கே ஒரு டீக்கடையில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவர். கோடை வந்தால் வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கடலைப் பார்ப்பார்கள். பார்த்து முடிந்ததும் குளிரில் நடுங்கிக்கொண்டு டீக்கடைகளில் ஏறி உட்காருவார்கள். அப்படிப்பட்ட ஊர் அது. அதன் பெயர் பலாபத்வலையில் யாருடைய வாயிலும் நுழையவில்லை. அதனால் அவரை லண்டனுக்கு மாற்றிவிட்டார்கள். றஹீமும் மறுப்புச் சொல்லவில்லை.

அந்த மூன்று வருஷமும் அவர் பார்த்த வேலை தட்டுக் கழுவுவது. இது அவருக்கும் மனைவி றாபியாவுக்கும் மட்டுமே தெரியும். அந்தக் கடையில் சமையல் நடக்கும் குசினி நிலத்துக்குக் கீழே இருந்தது. பின்சந்து வழியாக இறங்கிப் போய், பின்சந்து வழியாகவே ஏறி வர வேண்டும். ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடும் அறை மேலே. அதை அவர் ஒரு நாளும் கண்டதில்லை. சுவருக்குள் கயிற்றில் ஓடும் மரப்பெட்டி ஒன்றில் சாப்பாட்டுத் தட்டுகள் மேலே போகும், எச்சில் தட்டுகள் கீழே வரும். கூரையை ஒட்டி ஒரு சின்னச் சன்னல் இருந்தது. அதன் வழியே தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள் தெரியும். ஆக, இங்கிலாந்து மக்களைப் பற்றி றஹீம் நேரில் அறிந்தவை இரண்டே விஷயங்கள். அவர்கள் காலில் போட்டது ஒன்று, தின்னாமல் விட்டது மற்றது.

ஊர் திரும்பிய பிறகு இதை வெளியே சொல்ல வழியில்லாமல் போயிற்று. தட்டுக் கழுவினேன் என்றால், அந்தத் தட்டுகளில் என்ன இறைச்சி கிடந்தது என்று பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேர் கேட்பார்கள். அதனால் யாராவது விசாரித்தால், “வெள்ளக்காரங்கட சாப்பாடு முழுக்க என்ட கையாலதான் போச்சி” என்பார். அது பொய்யும் இல்லை.

கடையில் ஐந்து மேசைகள். நான்கு மேசைகளில் வழக்கம்போலத் தட்டு நிறைய வடையும் பணிசும் ரோல்சும் கொண்டுவந்து வைப்பார்கள். வேண்டியதைத் தின்றுவிட்டு மற்றதை விட்டால், அது மறுபடி கண்ணாடி அலுமாரிக்குப் போகும். ஐந்தாவது மேசைக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தது. அது இங்கிலிஷ் மேசை. அதில் உட்காருகிறவர்கள் றஹீம் சொன்னபடிதான் சாப்பிட வேண்டும்.

பாண் ரொட்டித் துண்டின் ஓரத்தைத் தின்னக் கூடாது. நடுவை மட்டும் தின்றுவிட்டு ஓரத்தைத் தட்டில் வட்டமாக விட வேண்டும். டீயில் மூன்றில் ஒரு பங்கு கோப்பையிலேயே தங்க வேண்டும். முட்டையில் கொஞ்சம் வெள்ளை மிஞ்ச வேண்டும். தட்டின் பக்கத்தில் சமைக்காத ஒரு சலாதுக் கீரை இலை இருக்கும். அதைத் தொடவே கூடாது. மேலே போன சலாது இலைகள் ஆயிரக்கணக்கில் ஒரு கீறலும் இல்லாமல் கீழே வந்ததை றஹீம் தன் கண்ணால் கண்டிருக்கிறார். அதனால் அவருடைய கடையிலும் இலை தட்டிலிருந்து தண்ணீர்ச் சட்டிக்குப் போய், சட்டியிலிருந்து அடுத்த தட்டுக்கு வந்தது. கண்டிச் சந்தையில் வாங்கிய ஒரு கட்டுச் சலாது ஒரு கிழமை, ஏழு நாளும் உழைத்தது.

ஒரு நாள் ஏலக்காய்த் தோட்டத்துக் கங்காணி அழகையா இங்கிலிஷ் மேசையில் உட்கார்ந்து, இலையை எடுத்துக் கடித்துவிட்டார்.

“ஐயோ, அதத் தின்னாதீங்க!” என்று றஹீம் ஓடி வந்தார்.

“பின்ன எதுக்குங்க மொதலாளி வச்சீங்க?”

“பாக்கிறதுக்கு.”

“பாத்தாச்சி. இனித் திங்கலாங்களா?”

“இங்கிலாந்துல ஒருத்தரும் தின்னதில்ல, கங்காணி.”

“எங்க தொரை தின்னுறாருன்னு பங்களாவுல சமைக்கிற அப்பு சொல்றானே. பாணையும் ஓரத்தோட முழுங்குறாராம்.”

“தோட்டத்துத் தொரைமார் இங்க வந்து நம்மளப் பாத்துக் கெட்டுப்போன ஆக்கள். நான் சொல்றது அசல்.”

கடையில் இருந்த எல்லோரும் அதுதான் சரி என்று தலையாட்டினார்கள். அழகையா கடித்த இலையைத் தட்டில் திரும்ப வைத்தார். அது தண்ணீர்ச் சட்டிக்குப் போயிருக்காது என்று நம்புவோம்.

இப்படிப் பதின்மூன்று வருஷம் ஓடியது. அறுபத்து நான்காம் ஆண்டு கட்டிடத்துச் சொந்தக்காரர் வந்து, தன் மகனுக்குக் கடை வைத்துக் கொடுக்கப் போவதாகவும், டிசம்பரோடு எழும்பிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். வேறு இடம் அகப்படவில்லை. றாபியாவின் மூத்த நானா ஸக்கரியா மாத்தளை டவுனில் பெரிய சாப்பாட்டுக் கடை நடத்தி வந்தார். அவர் தங்கை வீட்டுக்கு வந்து, “மச்சான் யோசிக்க வாணாம். என்ட கடையில பின்னுக்குக் கோப்பை கழுவ ஆளில்லாம ஈக்கிது” என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதைக் கேட்டது முதல் றஹீமுக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்குத் தெரியாமல் விட்டுவிட்டு வந்த தொழிலுக்கு, ஊர் பார்க்கத் திரும்பிப் போவதா?

அந்தச் சமயத்தில்தான் மாத்தளை நடராஜா முதலாளி வந்தார். அவருக்கு மூன்று ஹயர் கார்கள். கண்டியிலிருந்து வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு சீகிரியாவுக்குப் போய் வருவது தொழில். சீகிரியாக் குன்றின் அடிவாரத்தில் ஒரு தேநீர்க் கடை திறக்க அவர் இடம் எடுத்திருந்தார். நடத்த ஆள் வேண்டும்.

“கண்டியில ஒரு ஆள் இருக்காரு, நானா. பெரிய ஹோட்டல்ல வேலை செஞ்சு சேட்டிபிக்கட் வச்சிருக்காரு. ஆனா நீங்க அங்கேயே இருந்து வந்தவரு” என்றார் நடராஜா. “வாற புதன்கிழம ஒரு இங்கிலிஷ் தொரையும் தொரசாணியும் நம்ம கார்ல வாறாங்க. இங்க நிப்பாட்டுறேன். நீங்க டீ குடுங்க. நான் பக்கத்துல இருந்து பாக்கிறேன். எல்லாம் முறையா நடந்தா, சீகிரியா கடை உங்களுக்குத்தான்.”

அவர் போனதும் றாபியா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“நீங்க ஒரு வெள்ளக்காரன் தின்னிறதக் கண்டதே இல்லியே.”

“தின்னு முடிச்சதக் கண்டீக்கிறேன். அது போதாதா?”

“செத்த மையத்தக் குளிப்பாட்டுற ஆளுக்கிட்ட மருந்து கேக்கிறாப்போல ஈக்கிது” என்று சொல்லிவிட்டு அவள் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

புதன்கிழமை பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. செய்தி முன்பே பரவியிருந்ததால் நான்கு மேசைகளும் நிறைந்திருந்தன. இடம் கிடைக்காதவர்கள் வாசலில் நின்றார்கள். அழகையா அன்று வேலைக்கே போகவில்லை. துரை உயரமானவர், முகம் வெயிலில் சிவந்திருந்தது. துரைசாணி ஓலைத் தொப்பி போட்டிருந்தாள். இருவரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு இங்கிலிஷ் மேசையில் உட்கார்ந்தார்கள். பக்கத்து மேசையில் ஒருவர் எழுந்து இடம் விட, நடராஜா கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார்.

றஹீம் வாட்டிய பாணும் பட்டரும் முட்டையும் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் புதிய சலாது இலை. கோப்பைகளில் டீயை ஊற்றினார். மரப்பெட்டி மேலே போன பிறகு என்ன நடக்கும் என்பதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கப் போகிறார்.

துரைசாணி முதலில் எடுத்தது இலையை.

அதை இரண்டாக மடித்து வாய்க்குள் வைத்தாள். மென்றாள். கடையில் ஒரு கோப்பை கூட அசையவில்லை. நறுக் நறுக் என்ற சத்தம் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. துரை தன்னுடைய இலையைத் தின்று முடித்து, பாணைக் கையில் எடுத்து, ஓரத்திலிருந்தே கடிக்கத் தொடங்கினார். மிஞ்சிய ஓரத்தால் முட்டை மஞ்சளை வழித்துத் தட்டைப் பளபளவென்று துடைத்தார். டீயை அடி மண்டி வரைக்கும் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார்.

“மொதலாளி, இன்னைக்கி எல திரும்பி வராதுங்க” என்று அழகையா மெதுவாகச் சொன்னார்.

நடராஜாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் றஹீம் குசினிக்குள் போனார். உள்ளே ஒரு பக்கம் சாம்பல் போட்டுத் தேய்த்த கோப்பைகள் அடுக்கியிருந்தன. அவற்றைப் பார்த்ததும் ஸக்கரியாவின் கடைப் பின்கட்டு கண்ணில் வந்து நின்றது.

“என்ன செய்றது, றாபியா?”

“உள்ளதச் சொல்லிப் போடுங்க. பொய்யச் சொல்லியும் தொலச்சாச்சி. உண்மையச் சொல்லித் தொலஞ்சா மனசாவது லேசாகும்.”

துரையும் துரைசாணியும் எழுந்து, எதிர்ப்பக்கத்தில் மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியைப் படம் பிடிக்கப் போனார்கள். றஹீம் வெளியே வந்து நடராஜாவின் முன்னால் நின்றார்.

“முதலாளி, ஒரு விஷயம் சொல்லணும். நான் அங்க மேல நின்ட ஆள் இல்ல. கீழ தட்டுக் கழுவினேன். மூனு வருஷமும் அதுதான் வேல. ஒரு வெள்ளக்காரன் தின்னிறத இன்னைக்கித்தான் கண்ணால காண்றேன்.”

நடராஜா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து அவருடைய தோளில் கையை வைத்தார்.

“பாத்தீங்களா!” என்றார் மற்றவர்களிடம். “இதுதான் அந்த நாட்டுப் பழக்கம். விருந்தாளி தப்புப் பண்ணினாலும் அவங்கள ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. தன்னையே கொறச்சிச் சொல்றாரு.”

“இல்ல முதலாளி, அல்லாஹ்மேல சத்தியமா...”

“சத்தியமெல்லாம் எதுக்கு, நானா? எனக்குக் கண்ணு இல்லியா? இதுக அசல் ஆளுங்களே இல்ல.”

“நான் அப்பவே நெனச்சேங்க” என்றார் அழகையா. “பட்டினி கெடந்த வகையறா. எலையும் மிச்சம் வைக்கல்ல. ஒரு ஆட்ட அவுத்து விட்டாக்கூட இத்தன துப்புரவா மேயாது.”

“அது மட்டுமா? அந்த மனுசன் கால்ல பாருங்க” என்று நடராஜா விரலை நீட்டினார். “சப்பாத்தே இல்ல. செருப்பு!”

றஹீம் தெருவின் அந்தப் பக்கம் பார்த்தார். உண்மைதான். துரையின் கால் விரல்கள் பத்தும் வெளியே தெரிந்தன. மூன்று வருஷம், மழையிலும் வெயிலிலும், அந்தச் சின்னச் சன்னல் வழியாக எத்தனை ஆயிரம் கால்கள் போயிருக்கும்! அதில் ஒரு செருப்பு உண்டா? ஒன்றும் இல்லை. அவர் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தான் சொன்ன உண்மையில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“செருப்புத்தான்” என்றார்.

“அதான் சொல்றேன். சீகிரியாவுக்கு இந்த மாதிரி ஆளுங்க நெறைய வருவாங்க. அவங்களுக்கும் முறையாச் சாப்பிடக் காட்டிக் குடுக்க உங்களப்போல ஒருத்தர் வேணும். தை மாசம் பொறப்படுங்க.”

சீகிரியா கடையில் பத்து மேசை, பத்துக்கும் வெள்ளைத் துணி. ஞாயிற்றுக்கிழமைகளில் நடராஜா மாத்தளையிலிருந்து தன் சிநேகிதர்களைக் கோட்டும் டையுமாக அழைத்துவந்து நடு மேசைகளில் உட்கார வைப்பார். அவர்கள் முதுகை நிமிர்த்தி, பாண் நடுவைத் தின்று, ஓரத்தை வட்டமாக விட்டு, டீயில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் வைத்து, இலையைத் தொடாமல் எழும்புவார்கள். குன்று ஏறி இறங்கிப் பசியோடு வந்த வெள்ளைக்காரர்கள் அவர்களைக் கவனித்துப் பார்த்தார்கள். ஏதோ இந்த நாட்டுச் சம்பிரதாயம் போலும், மீறினால் பிழையாகிவிடும் என்று எண்ணிக்கொண்டார்கள். பாண் ஓரத்தை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே அவர்களும் தட்டில் விட்டார்கள். சித்திரை வருவதற்குள் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் முறையாகச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினிக்கு வந்த தட்டுகளை றஹீம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரம், இலை, வெள்ளை, மூன்றில் ஒரு பங்கு டீ. அசல் அதே தட்டுகள்.

“பாத்தியா, றாபியா? நான் சொன்னது ஒன்டாவது பிழச்சிச்சா?”

றாபியா முழங்கை வரை சவர்க்கார நுரையில் நின்றாள். “பிழைக்கல்ல. இதெல்லாம் கழுவ ஒரு ஆளப் பிடிச்சித் தாங்க. நாளைக்கி அவரும் எங்கயாவது போயி, சிலோன் ஆக்கள் இப்பிடித்தான் சாப்பிடுவாங்கன்னு கடை போட்டுப் பொழச்சிக்கிடட்டும்.”

றஹீம் அதைக் காதில் வாங்கவில்லை. வெளியே புதிதாக வந்த வெள்ளைக்காரர் ஒருவர் சலாது இலையைக் கையில் எடுத்துவிட்டார். அவரைத் தடுக்க ஓடினார்.