நித்யாவுக்குச் சாமைச் சோறு

ஜவ்வாது மலையைப் பொறுத்தவரை மேலிடம் என்பது கீழேதான் இருக்கிறது. அங்கிருந்து போன ஜூலையில் ஒரு பெட்டி ஏறி வந்தது. உள்ளே வளரிளம் பருவத்தினருக்கான பேய் நாவல் ஒன்று, இருபத்தைந்து பிரதிகள். ஒன்பதாம் வகுப்புக்கு நடத்த வேண்டும் என்று கூடவே ஓர் ஆணை. மலைப் பிள்ளைகளுக்குப் பேயைப் பற்றிச் சொல்லித்தர சென்னையிலிருந்து புத்தகம் வரவேண்டும் என்று யாரோ அக்கறையாக யோசித்திருக்கிறார்கள்.

நடத்தும் பொறுப்பு ஷம்ஷாத்துக்கு வந்தது. வந்தது என்றால், தலைமையாசிரியர் கோபால்சாமி பெட்டியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். அவள் வாணியம்பாடிக்காரி. வீட்டில் உருது, சான்றிதழில் முதுகலைத் தமிழ், பள்ளியில் ஒன்பது வருடமாகத் தற்காலிகம். ஞாயிறு மதியம் திருப்பத்தூரில் பஸ் மாறி மலையேறுவாள், வெள்ளிக்கிழமை இறங்குவாள். ஜூனில் நீட்டிப்பு ஆணை வந்தால் ஆசிரியை, வராவிட்டால் அண்ணன் வீட்டில் விருந்தாளி. இந்த முறை நீட்டிப்பு, நாவல் வகுப்பைப் பார்வையிட வரும் அதிகாரி எழுதப்போகும் ஒரு வரியைப் பொறுத்தது.

எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள் அவள். தற்காலிக ஊழியருக்கு ஆகாத பழக்கம். நாவலை மூன்று முறை படித்தாள். அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் சிக்கிச் செத்துப்போன நித்யா என்ற பதினைந்து வயதுப் பெண், பேயாகி, ஏறுகிறவர்கள் எல்லோர் முன்னாலும் வந்து நிற்கிறாள். அவர்கள் அலறுகிறார்கள். இருநூறு பக்கத்துக்கு அலறுகிறார்கள். ஆசிரியர் கையேடு, 'மலைப்பகுதி மாணவர்களுக்கு லிஃப்ட் என்றால் என்னவென்று படம் வரைந்து விளக்கவும்' என்றது. அவள் சாக்பீஸை எடுத்ததும் முதல் பெஞ்சு அருணா கையை உயர்த்தினாள்.

"வேலூர் ஆஸ்பத்திரியில ஏறியிருக்கோம் டீச்சர். நீங்க கதைக்கு வாங்க."

கதைக்கு வந்தார்கள். ஒருவரும் பயப்படவில்லை.

"ஏன் டீச்சர், உனுக்கு இன்னா வேணும்னு அத ஒருத்தர்கூட கேக்க மாட்றாங்க?" என்றான் தமிழ்மணி.

"அது பேய்டா."

"அதான் டீச்சர். சும்மாவா வரும்? பசிக்குதோ இன்னாவோ."

ஷம்ஷாத் கையேட்டில் பதில் தேடினாள். 'விவாதத்தை ஊக்குவிக்கவும்' என்று இருந்தது.

புளி உலுக்கும் மாதங்களில் பாதி வகுப்பு மரத்தடியில்தான் இருக்கும். இந்த வருடம் நித்யாவுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள எல்லோரும் வந்தார்கள். கேட்டதைச் சாயங்காலம் வீட்டில் சொன்னார்கள். கடைசி அத்தியாயம் முடிந்த மறுநாள் அருணாவின் அப்பா மாதையன் பள்ளிக்கு வந்தார். பேய்க்கதை நடத்தியதற்குச் சண்டை என்று முடிவுகட்டிய கோபால்சாமி, வருகைப் பதிவேட்டோடு சத்துணவுக் கூடத்துக்குள் போய்விட்டார்.

"டீச்சர், அந்த நித்யாவுக்குச் செய்ய வேண்டியத செஞ்சாங்களா, இல்ல அப்பிடியே வுட்டுட்டாங்களா?"

"அதெல்லாம் புத்தகத்துல இல்லண்ணே."

"எங்க வூட்ல யாருக்கும் சோறு எறங்கல. வயசுப் பொண்ணு. அத்தினி சனம் இருக்கற பில்டிங்கு, ஒரு கை சோறு வைக்க ஆளில்லியா?"

"அண்ணே, அது கதை. கற்பனையா எழுதினது."

"கதையா இருந்தா இன்னா? அந்தப் பொண்ணு செத்துச்சா இல்லியா?"

முதுகலைத் தமிழில் இதற்குப் பாடம் வைக்கவில்லை.

"வியாழக்கிழமை படையல் வைக்கிறோம். இஸ்கூல் வாசல்லதான். புக்கு இங்கதானே இருக்குது" என்று சொல்லிவிட்டு மாதையன் போனார்.

அதே வியாழக்கிழமை அதிகாரி பிரகாஷ் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு படிவம். அதில் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று: மாணவர்கள் அச்சம் அடைந்தனரா?

"பயந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். பாவமா இருந்துச்சு" என்றாள் அருணா.

"பாவத்துக்கு இதுல கட்டம் இல்லம்மா." அவர் 'நோக்கம் நிறைவேறவில்லை' என்று எழுதிப் பையில் வைத்தார். ஒன்பது வருடம் அரை நிமிடத்தில் முடிந்தது.

வாசலில் ஜீப் நகர வழியில்லை. நடுவே தலைவாழை இலை. அதில் சாமைச் சோறு, கோழிக் குழம்பு, பக்கத்தில் புதுப் பாவாடை சட்டை, ரிப்பன், ஒரு டஜன் வளையல். சுற்றி ஊர் நின்றது. மாதையன் மனைவி மங்கம்மாள் கற்பூரம் ஏற்றி, "நித்யா, வந்து சாப்புடும்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு இதெல்லாம்?" என்றார் பிரகாஷ்.

"உங்க புக்குல செத்துச்சே சார், அந்தப் பொண்ணுக்கு" என்றார் மாதையன்.

"எந்தப் பொண்ணு?"

மூன்று மாவட்டத்துக்கு அந்த நாவலைப் பெட்டி பெட்டியாக அனுப்பிவைத்தவர் கேட்ட கேள்வி அது. ஊர் அவரை இரக்கத்தோடு பார்த்தது. "படையல தாண்டி வண்டி ஓட்ட மாட்டேன் சார்" என்று டிரைவர் இன்ஜினை அணைத்தார். பிரகாஷின் நெற்றியில் வியர்வை கண்டது. ஷம்ஷாத் அதைக் கவனித்தாள்.

"லிஃப்டுல செத்த பொண்ணு சார்," என்றாள் மெதுவாக. "அவ விஷயத்துல தப்பா எழுதிட்டுப் போறவங்க பின்னாலயே வந்துடுவாளாம். உங்க ஆபீஸ் எத்தனாவது மாடி சார்?"

"நாலு."

"அடடா. லிஃப்ட் இருக்குமே."

ஜீப் பானட்டின்மேல் புதுப் படிவம் விரிந்தது. மாணவர்கள் பெரிதும் அஞ்சினர். ஆசிரியைக்குப் பணி நீட்டிப்பு வழங்கலாம். அவள் இரண்டு முறை படித்துப் பார்த்து, தேதி போடச் சொன்னாள். அவர் போட்டார். சாமைச் சோறும் சாப்பிட்டார், இரண்டாம் முறை கேட்டும் வாங்கினார்.

ஜீப் போனதும் மாதையன் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"இன்னா டீச்சர், அது ஆரு பின்னாலயாவது போவும்னு நாங்க சொன்னோமா?"

"இல்லண்ணே."

"வயித்த நெறைச்சு நல்லபடியா அனுப்பலாம்னு கூப்டோம். வந்த எடத்துல அது மேல பழியப் போட்டு உங்க காரியத்த முடிச்சுக்கினீங்க. படிச்சவங்க."

ஷம்ஷாத் வாயைத் திறந்தாள். அது கதைதானே என்று சொல்ல வந்தவள் வேறு கேட்டாள்.

"இப்ப இன்னாண்ணே செய்யணும்?"

"மறுபடி வைக்கணும். இந்தவாட்டி நீங்க வைக்கணும்."

அந்த வெள்ளிக்கிழமை அவள் வாணியம்பாடிக்கு இறங்கவில்லை. சனிக்கிழமை முழுக்க, மாதையன் குறை சொல்ல முடியாத ஒரு நாட்டுக்கோழிக்காக வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தாள்.