உள்ளங்கைச் சீனி

போன செவ்வாய்க்கிழமை நான் நோயாளியாக நடித்தேன். நடித்தேன் என்பதா, மாட்டிக்கொண்டேன் என்பதா... படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் மருமகள் வாணி நேர்ஸ். டிகிரி முடித்து, அதற்கு மேலும் சீனி வருத்தத்துக்கென்றே, அதுதான் நீரிழிவுக்கென்றே, தனியாகப் படித்தவள். இப்போது அதே மேல்படிப்புக்கு வருகிற நேர்ஸ்மாருக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்பது என் மகனும் என் சீனி வருத்தமும்தான். மகன் சொன்னால் கேட்பான். சீனி கேட்காது.

மூன்று மாதமாக இறங்கவே இல்லை. வாணி என் சோற்றைக் குறைத்தாள். கிழங்கை நிறுத்தினாள். குண்டசாலை ரோட்டில் காலையும் மாலையும் நடக்க வைத்தாள். வாரம் ஒரு தடவை, "தேத்தண்ணிக்குச் சீனி போடுறீங்களா அத்தை?" என்று கேட்பாள்.

"இல்லம்மா."

பொய்யில்லை. தேத்தண்ணிக்குள் நான் ஒரு துளி சீனி போடுவதில்லை.

அப்படியிருக்க, திங்கட்கிழமை வந்து நின்றாள். "அத்தை, நாளைக்குப் பரீட்சைக்கு நோயாளியா வர இருந்த அம்மாவுக்குக் காலு சுளுக்கிருச்சாம். நீங்க வாங்களேன்."

"நானா? நாலு பேரைப் பார்த்தா எனக்கு வாயே வராதே."

"வாய் வராத நோயாளிதான் எங்களுக்கு வேணும்."

ஒரு பேப்பரைத் தந்தாள். அதன்படி என் பெயர் செல்லம்மா. ஆறு வருஷமாகச் சீனி வருத்தம், மருந்து எடுத்தும் இறங்கவில்லை. காரணம்? வெள்ளிக்கிழமை விரதத்தன்று செல்லம்மா மருந்துக் குளிசை போடுவதில்லை. அது இரகசியம். நேர்ஸ் சரியான கேள்வி கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். நானாக உளறக் கூடாது. பதினைந்து நிமிடத்துக்குள் அதை வெளியே எடுப்பதுதான் பரீட்சை.

இருபது வருஷம் வார்டில் நின்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நேர்ஸ் தன் தாயோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "உம்மா, அல்லாஹ்கிட்ட துஆ கேளுங்க. போன தடவ இந்த அறையிலதான் கோட்டை விட்டேன். இதுதான் கடைசித் தடவ. இதுலயும் விட்டா கம்பளை கிளினிக் வேலை வேற ஆளுக்குத்தான்." பெயர் பஸ்லியா என்று பிறகு தெரிந்தது. போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். இந்த மனுசியின் கிளினிக் என் வாயிலா இருக்கிறது?

உள்ளே ஒரு மேசை, இரண்டு கதிரை. புள்ளி போடுகிற மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். மூலையில் மணியோடு வாணி.

பஸ்லியா வந்து உட்கார்ந்தார். என்ன சாப்பிடுகிறேன், எவ்வளவு நடக்கிறேன், கால் விறைக்கிறதா... எல்லாம் கேட்டார். பேப்பரில் இருந்தபடி சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"தேத்தண்ணிக்குச் சீனி போடுவீங்களாம்மா?"

"இல்லங்க மிஸ்."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மேசையில் இருந்த வெறும் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "இது பிளேன்டீன்னு நெனச்சு, வீட்டுல குடிக்கிற மாதிரி குடிச்சுக் காட்டுங்களே."

காட்டினேன். வலது கை கோப்பையை எடுத்தது. இடது கை... நான் சொல்லாமலே உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு வாய்க்கு வந்தது. நாக்கால் ஒரு நக்கு. ஒரு மிடறு. இன்னொரு நக்கு.



"கையில எவ்வளவு சீனி வைப்பீங்கம்மா?" பஸ்லியா மெதுவாகக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அதையே பிடித்துக்கொண்டு விதம் விதமாகக் கேட்டார். மணி அடித்தது.

மேடம் பேனையை வைத்தார். "அம்மா, பேப்பரில இல்லாததை ஏன் செய்தனீங்கள்? உங்கட நடிப்பால இந்தப் பிள்ளையின்ர நேரம் வீணாப் போச்சு. இதுக்குப் புள்ளி போட எனக்கு இடமில்லை."

பஸ்லியா எழுந்து நின்றார். கதிரையின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

என்ன செய்வீர்கள் நீங்கள்? பேசாமல் இருந்தால் என் சீனி தப்பும். பேசினால்... மூலையில் வாணி.

"மேடம்... அது நடிப்பில்லைங்க."

"பின்னை?"

"நான் அப்படித்தான் குடிப்பேன். கை அதுவா போயிருச்சு."

மூலையில் மணி தானாகக் கிணுங்கியது. "அத்தை. எத்தனை நாளா?"

"நீ கல்யாணமாகி வர்றதுக்கு முந்தியே."

"சீனிப் போத்தல அலுமாரி மேல் தட்டுலதானே வச்சேன்?"

"கதிரை இருக்கேம்மா."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன். "வீட்டில இருக்கிற ஸ்பெஷலிஸ்ட் பிடிக்காததை இவ பிடிச்சிருக்கிறா. ஆனா என்னட்ட இருக்கிற பேப்பருக்குத்தான் புள்ளி. தொலைஞ்ச நேரத்தைத் திருப்பித் தாறன். அஞ்சு நிமிஷம். கேளுங்கோ பஸ்லியா."

பஸ்லியா உட்கார்ந்து என்னை உற்றுப் பார்த்தார். "இப்ப நீங்க செல்லம்மாதானே?"

"ஆமாங்க மிஸ். இப்ப செல்லம்மா."

"எங்கட ஆக்கள் நோம்பு நாளையில குளிசைய விட்டுருவாங்க. சொல்லவும் மாட்டாங்க. நீங்க விரதம் பிடிக்கிற நாளையில எப்படிம்மா?"

அப்பாடா... வெள்ளிக்கிழமை முழுவதையும் வாய் நிறையக் கொட்டிவிட்டேன். மேடம் எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்த அறையில் பஸ்லியா பாஸ் என்று பின்னேரம் வாணி சொன்னாள். இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று நான் நினைத்துக்கொண்டு போனேன், இல்லையா? வாய் சொன்ன பிறகும் கையைப் பார்க்கப் படிக்கிறார்கள். வாணியும் அதைப் படித்தவள்தான். ஆனால் மாமியாரின் கையை எந்த மருமகள் உற்றுப் பார்ப்பாள்?

மறுநாள் வாணி பிலிமத்தலாவைக் கடைக்குப் போய் எனக்கென்றே ஒரு கோப்பை வாங்கி வந்தாள். சூப் குடிக்கிற கோப்பை. இரண்டு பக்கமும் பிடி.

"ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிங்க அத்தை," என்கிறாள்... குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே நிற்கிறாள்.